நச்சுக் காய்ச்சலும் நம் தொண்டைச் சர்க்கரையும்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். மதுரை மண்ணில் இருந்துகொண்டு வரலாறு எழுதப் புகுவோர்க்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பாண்டியரையும் நாயக்கரையும் பற்றி எழுதலாம். கோயில் நுழைவுப் போராட்டத்தைப் பற்றி எழுதலாம். ஆயினும் நாம் தேர்ந்துகொண்டது கண்ணுக்குத் தெரியாத ஒரு நச்சுயிரியின் வரலாறு. அதனை ஆராய்ந்தவர்களின் வரலாறு. அதற்குக் காரணம் உண்டு.

சில காலத்திற்கு முன் நடைபெற்ற சங்கக் கூட்டம் ஒன்றில், உயிரியலில் முதுகலை முடித்த நம் பகுதி இளைஞர் ஒருவர், டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்புவதாகவும், காய்ச்சல் நச்சுயிரி நம் உடலிலுள்ள சர்க்கரைகளில் எவ்வாறு ஒட்டுகிறது என்பதே தமது விருப்பப் பொருள் என்றும் கூறி, சங்கத்தின் உதவியை நாடினார். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அது எந்தச் சர்க்கரையில் ஒட்டினால் நமக்கென்ன ஐயா? தம்பி ஒரு வேலைக்குப் போனால் குடும்பம் நிமிர்ந்துவிடுமே" என்றார். அவையில் சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி பசியை அறிந்தவரின் கேள்வி. அதற்கு உரிய விடை தரவேண்டிய கடமை கற்றோர்க்கு உண்டு. அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரையே அவ்விடை.

1918: நோய் ஒன்று, சாவு வேறு

1918ஆம் ஆண்டு முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், இன்ஃபுளுவென்ஸா என்னும் நச்சுக் காய்ச்சல் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் அது ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டி, புகைவண்டிப் பாதைகளின் வழியே உள்நாட்டில் நுழைந்தது. முதல் அலை ஓய்ந்தபின், செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையே பேரழிவை விளைத்தது. இந்தியாவில் மட்டும் மாண்டவர்கள் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, பத்தாண்டுகளில் நாட்டின் மக்கள் தொகை பெருகுவதற்கு மாறாகச் சற்றே குறைந்திருந்ததைக் காட்டிற்று. பம்பாய், மத்திய மாகாணம் ஆகியவற்றை நோக்க, மதராஸ் மாகாணத்தில் சாவு குறைவுதான் எனினும், இங்கும் பல்லாயிரம் குடும்பங்கள் விளக்கிழந்தன.

இங்கே நம் இளைஞர்கள் ஒரு கணக்கை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டில் பம்பாய் நகரில் இன்ஃபுளுவென்ஸாவினால் இறந்தோரைச் சமூக வாரியாகப் பிரித்துக் கணக்கெடுத்தனர். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3 பேரும், பார்சிகள் 9 பேரும், ஏனைய சாதி இந்துக்கள் 18.9 பேரும், முஸ்லிம்கள் 19.2 பேரும் இறந்தனர். அரசுப் பதிவேடு 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று குறிப்பிட்ட மக்களோ, ஆயிரத்துக்கு 61.6 பேர் இறந்தனர். அதாவது, ஐரோப்பியர் ஒருவர் இறந்த விகிதத்தில் நம் மக்கள் ஏழு பேருக்கு மேல் மாண்டனர். சாதி இந்து ஒருவர்க்கு மூவர்க்கு மேல் மாண்டனர்.

அந்த ஆண்டு நவம்பரில்தான் அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகப் பணியேற்றார். அவர் குடியிருந்தது பரேல் பகுதியில், தொழிலாளர் நிறைந்த அடுக்குக் குடியிருப்பில். அதே பரேலில்தான் கிருமிகளை ஆராய்ந்த பம்பாய் பாக்டீரியா ஆய்வுக்கூடமும் இருந்தது. பின்னாளில் ஹாஃப்கின் நிலையம் எனப் பெயர் பெற்றது. ஆய்வுக்கூடமும் ஒரே பகுதியில். நெருக்கடிக் குடியிருப்பும் ஒரே பகுதியில். இடையே இருந்த தூரம் மட்டும் மிகப் பெரிது.

நோய்க்கு என்ன காரணம் என்பது அன்று எவர்க்கும் தெரியாது. 1892இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஃபைஃபர் கண்ட ஒரு பாக்டீரியாவே காரணம் என மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கை தவறு. காரணம் தெரியாதபோது அவரவர் மனத்திலிருந்த வெறுப்பே காரணமாகிவிடும். 'அவர்கள் அசுத்தமானவர்கள், அதனால் சாகிறார்கள்' என்று சொல்வது எளிதாகிவிடும். அந்தச் சொல்லைப் பொய்யாக்குவதற்கு, நோயின் காரணத்தை அதன் வேர்வரை சென்று காணவேண்டியிருந்தது.

கோழிக் குருதியில் கிடைத்த துப்பு

1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர், மனிதனின் இன்ஃபுளுவென்ஸா ஒரு வைரஸினால், அதாவது நச்சுயிரியினால், வருவதை ஃபெர்ரட் என்னும் சிறு விலங்கைக் கொண்டு மெய்ப்பித்தனர். அந்த நச்சுயிரி, பத்தாயிரத்தை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் தேறும் அளவுக்குச் சிறியது. அது தானாக உண்பதில்லை, தானாகப் பெருகுவதுமில்லை. நம் உயிரணு ஒன்றினுள் புகுந்தால்தான் அதற்கு வாழ்வு. எனவே முதற்கேள்வி இதுவே: உயிரணுவின் வாயிலில் அது எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது?

1941இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்பவர், முட்டைக் கருவில் நச்சுயிரியை வளர்த்துக்கொண்டிருந்தார். கருவின் குருதி அந்த நீரில் கலந்தபோது, சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டதைக் கண்டார். ஒவ்வொரு நச்சுயிரியும் பல சிவப்பணுக்களைப் பற்றிக்கொண்டதனால் அவை திரண்டன. இத்தோடு நில்லாமல் மற்றொன்றையும் அவர் கண்டார். சிறிது நேரம் சென்றபின், திரண்ட அணுக்களை நச்சுயிரி தானே விட்டு விலகிற்று. விலகிய பின், அதே அணுக்களில் புதிதாக நச்சுயிரியைச் சேர்த்தாலும் அவை மீண்டும் திரளவில்லை. பற்றுவதற்கு இருந்த ஏதோ ஒரு பொருளை நச்சுயிரி வெட்டி எறிந்துவிட்டுப் போயிருக்கிறது என்பது புலனாயிற்று.

அப்பொருள் யாது? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பர்னெட் என்னும் அறிஞரின் குழு இதனைத் தொடர்ந்தது. காலராக் கிருமியிலும் அத்தகைய வெட்டும் நொதி இருப்பதை அவர்கள் கண்டனர். அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரட் காட்ஷாக், வெட்டப்படுவது ஒருவகைச் சர்க்கரை அமிலம் என்று தெளிவாக்கினார். சுவீடன் நாட்டு பிளிக்ஸ் என்பவர் 1936இல் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சளியிலிருந்து பிரித்தெடுத்திருந்த சயாலிக் அமிலமே அது.

காட்ஷாக் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்பின் காரணத்தால் நாஜிகளின் ஆட்சியில் வாழ இடமின்றி, 1939இல் ஆஸ்திரேலியா சேர்ந்தவர். பிறப்பைச் சொல்லி விரட்டப்பட்ட ஒருவரே, எல்லாப் பிறப்பினரின் உடலிலும் உள்ள ஒரே சர்க்கரையை அடையாளம் காட்டினார் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

இதன் முறையை எளிய உவமையால் விளக்குவோம். கதிர் அறுப்பவர் ஒரு கையால் தாளைப் பற்றுகிறார்; மறு கையில் அரிவாள் இருக்கிறது. இன்ஃபுளுவென்ஸா நச்சுயிரிக்கும் அவ்வாறே இரண்டு கருவிகள் உண்டு. பற்றும் கருவி ஹீமக்ளுட்டினின் என்னும் புரதம். வெட்டும் கருவி நியூராமினிடேஸ் என்னும் நொதி. பற்றும் கருவியால் உயிரணுவின் மேலுள்ள சயாலிக் அமிலத்தைப் பிடித்து நச்சுயிரி உள்ளே நுழைகிறது, உள்ளே பெருகுகிறது. பெருகிய குட்டிகள் வெளியே வரும்போது அதே சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு நகர முடியாமற் போகும். அப்போது அரிவாள் அதனை வெட்டி விடுவிக்கிறது. செய்திகளில் நாம் காணும் 'ஹெச்1 என்1', 'ஹெச்5 என்1' என்னும் பெயர்களில், ஹெச் என்பது பற்றும் கருவியையும் என் என்பது வெட்டும் கருவியையும் குறிக்கும் எழுத்துகளே.

சென்னைத் துறைமுகமும் குன்னூரும்

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுக் கதைகள் என்று எண்ணிவிடலாகாது. 1957இல் ஆசியக் காய்ச்சல் எனப்பட்ட புதுவகை இன்ஃபுளுவென்ஸா தோன்றியபோது, இந்தியாவில் அது நுழைந்த வாயில் நம் சென்னைத் துறைமுகமே. மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த 'ரஜூலா' கப்பலில் நோயாளிகள் இருந்தனர். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற தமிழர்கள் பல்லாண்டுகள் ஏறி இறங்கிய கப்பல் அது. சென்னையிலிருந்து நோய் சில வாரங்களில் நாடெங்கும் பரவிற்று. 1957 மே முதல் 1958 பிப்ரவரி வரை நாட்டில் பதிவான நோயாளிகள் 44,51,785 பேர். பதிவான இறப்புகள் 1,098.

அந்த நோயை ஆராயும் பொறுப்பு நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்ஃபுளுவென்ஸா மையத்தினுடையது. 1907இல் தொடங்கிய அந்நிலையத்தை நம்மில் பலர் நாய்க்கடி ஊசி மருந்தினால் மட்டுமே அறிவோம். அங்கே ஐ. ஜி. கே. மேனன் என்னும் அறிஞர் 1957ஆம் ஆண்டுப் பரவலை ஆராய்ந்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். இத்தகைய மையங்களில் நச்சுயிரியை இனங்காணப் பயன்பட்ட முறை, ஹெர்ஸ்ட் கண்ட அதே சிவப்பணு திரளும் சோதனையே. நியூயார்க்கில் ஒருவர் வியந்து நின்று கேட்ட கேள்வி, பதினாறு ஆண்டுகளில் நோயைக் கண்டறியும் கருவியாகிவிட்டது.

பறவைக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று

நம் பள்ளியில் பறவைக் காய்ச்சலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஐயா, கோழிக்கு வருகிற காய்ச்சல் நமக்கு ஏன் அவ்வளவாக வருவதில்லை?" இதற்கு விடை 1983இல் கிடைத்தது.

சயாலிக் அமிலம் தனித்து நிற்பதில்லை. காலக்டோஸ் என்னும் மற்றொரு சர்க்கரையோடு கைகோத்து நிற்கிறது. காலக்டோஸின் மூன்றாம் கரியணுவோடு இணைந்தால் ஒரு வகை. ஆறாம் கரியணுவோடு இணைந்தால் மற்றொரு வகை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ராஜர்ஸ், பால்சன் ஆகியோர், பறவைகளின் நச்சுயிரி மூன்றாம் இணைப்பையே பெரிதும் பற்றுகிறது என்றும், மனிதரின் நச்சுயிரி ஆறாம் இணைப்பையே பெரிதும் பற்றுகிறது என்றும் காட்டினர். பற்றும் புரதத்தில் ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 226ஆம் இடத்திலுள்ள ஒன்று மாறினாலே விருப்பம் மாறிவிடக்கூடும் என்பதும் அப்போது வெளிப்பட்டது. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் ஆறாம் இணைப்பே மிகுதி. மூன்றாம் இணைப்பு நுரையீரலின் ஆழத்தில் உண்டு என்று 2006இல் தெரியவந்தது. பறவைக் காய்ச்சல் மனிதருக்கு அரிதாகத் தொற்றுவதும், தொற்றினால் கடுமையாகத் தாக்குவதும், இருமலில் எளிதாகப் பிறருக்குப் பரவாததும் ஏன் என்பதற்கு இது ஒரு முக்கிய விளக்கம்.

1997இல் ஹாங்காங்கில் ஹெச்5 என்1 பறவைக் காய்ச்சல் பதினெட்டுப் பேரைத் தாக்கி அறுவரைக் கொன்றது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் அது கோழிகளிடையே தோன்றியது. 2007இல் அமெரிக்க விஞ்ஞானிகள், 1918ஆம் ஆண்டு நச்சுயிரியின் பற்றும் புரதத்தில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தனர். அது மூன்றாம் இணைப்பை விரும்பத் தொடங்கியது. ஒரு ஃபெர்ரட்டிடமிருந்து மூச்சுக்காற்றின் வழியே மற்றொன்றுக்குப் பரவும் ஆற்றலை இழந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் மாண்டதற்கும் மாளாததற்கும் இடையே, சர்க்கரையின் ஒரு சிறு இணைப்பு நின்றது.

தோலிலிருந்து கிளைத்த தமிழ்நாட்டு மரபு

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக ஜி. என். இராமச்சந்திரன் பொறுப்பேற்றார். அவ்வாண்டில் சென்னை வந்த அறிஞர் பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் கூறினார். கொலாஜன் யாதெனில், தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம். அதற்கான பொருள் பல்கலைக்கழகத்தின் அருகிலேயே அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து இராமச்சந்திரன் அதனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு என்று 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

இளைஞர்களே, இங்குச் சற்று நில்லுங்கள். தோல் என்னும் பொருளைத் தொட்டவர்களைத் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயம் இது. தோலைப் பதனிட்டவர்களும், பறைக்குத் தோல் கட்டியவர்களும், செருப்புத் தைத்தவர்களும் தம் கைகளால் அறிந்திருந்த அந்தப் பொருளின் உள்ளமைப்பே, இந்திய உயிர் இயற்பியலுக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது. தீட்டு என்பது தோலில் இல்லை; பார்த்தவர் கண்ணிலேதான் இருந்தது.

1963இல் இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதற்கு ஒரு வரைபடம் தந்தனர். உலகின் எந்த ஆய்வுக்கூடத்தில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்க இன்றளவும் பயன்படுவது 'இராமச்சந்திரன் வரைபடம்'. 1981இல் வில்சன், ஸ்கேஹெல், வைலி ஆகியோர் இன்ஃபுளுவென்ஸாவின் பற்றும் புரதத்தினது முப்பரிமாண அமைப்பை வெளியிட்டனர். அத்தகைய அமைப்புகளை அளந்து பார்க்கும் உரைகல் சென்னையில் செய்யப்பட்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

புரதத்திற்குச் செய்ததைச் சர்க்கரைக்கும் செய்யலாம் அன்றோ? இராமச்சந்திரனோடு பணியாற்றிய வி. எஸ். ஆர். ராவ் அப்பாதையில் நடந்தார். 1971இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இராமச்சந்திரன் நிறுவிய மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையில், சர்க்கரைச் சங்கிலிகள் எவ்வாறு வளையும், மடங்கும் என்பதை ராவ் கணக்கிட்டார். அவரோடு கா. வேலுராஜா சயாலிக் அமிலத்தின் வடிவத்தை ஆராய்ந்தார். அவ்விருவரின் ஆய்வுரை 1980இல் வெளிவந்தது. பின்னர் வேலுராஜா, 1990இல் தோன்றிய திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பேராசிரியராக இருந்து, அதே வேலையைத் தொடர்ந்தார். நச்சுயிரியின் வெட்டும் நொதியினுள் சயாலிக் சர்க்கரைகள் எவ்வாறு பொருந்துகின்றன என்று 2001இலும், பற்றும் புரதம் மூன்றாம், ஆறாம் இணைப்புச் சர்க்கரைகளை எவ்வாறு வேறுபடுத்தி அறிகிறது என்று 2012இலும், அவரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் கணிப்பொறி வழியாக ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னது வெளிவந்தது அமெரிக்காவின் 'உயிர்வேதியியல் இதழில்'. நெல்லைச் சீமையின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், கணிப்பொறியும் கணக்கும் துணையாக, உலகமே தேடிய கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து பேருந்தில் ஏறினால் சில மணி நேரப் பயணத்தில் சேரும் ஊர் அது.

மற்றொரு கிளை அமெரிக்காவில் படர்ந்தது. வி. சசிசேகரனின் மைந்தர் ராம் சசிசேகரன் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். இணைப்பு மூன்றா ஆறா என்பது மட்டும் போதாது, சர்க்கரைச் சங்கிலியின் முழு வடிவமும் முக்கியம் என்று அவருடைய குழு 2008 ஜனவரியில் காட்டிற்று. மூன்றாம் இணைப்புச் சங்கிலியும், குறுகிய ஆறாம் இணைப்புச் சங்கிலியும் கூம்பு போல் நிற்கின்றன. மனிதத் தொண்டையில் மிகுந்துள்ள நீண்ட ஆறாம் இணைப்புச் சங்கிலிகள் குடை போல் விரிகின்றன. குடையைப் பற்றக் கற்றுக்கொண்ட நச்சுயிரியே மனிதரிடையே நன்கு பரவுகிறது. தந்தை புரதத்தின் கோணங்களை அளந்தார். மகன் சர்க்கரையின் வடிவத்தை அளந்தார்.

நமக்கென்ன என்ற கேள்விக்கு விடை

"எந்தச் சர்க்கரையில் ஒட்டினால் நமக்கென்ன" என்று கேட்ட பெரியவருக்கு மூன்று விடைகள் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, மருந்து. 1983இல் ஆஸ்திரேலியாவில் வெட்டும் நொதியின் அமைப்பு வெளிப்பட்டது. அரிவாளின் வாய் எத்தகையது என்று தெரிந்தபின், அதில் சிக்கிக்கொண்டு அதனை மழுங்கடிக்கும் போலிச் சர்க்கரையைச் செய்வது கைகூடிற்று. 1999இல் அத்தகைய இரண்டு மருந்துகள் பயனுக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான ஓசெல்டாமிவிர் மாத்திரையை, 2009இல் பன்றிக் காய்ச்சல் எனப்பட்ட ஹெச்1 என்1 பரவியபோது நம் அரசு மருத்துவமனைகளில் வழங்கினார்கள். அதைச் செய்வதற்குரிய மூலப்பொருள் நம் பிரியாணியில் இடும் அன்னாசிப்பூவின் இனத்திலிருந்தே முதலில் பெருமளவில் எடுக்கப்பட்டது. (அன்னாசிப்பூவை மென்றால் காய்ச்சல் போய்விடும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம், மூலப்பொருள் வேறு, மருந்து வேறு.) தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் வசதியற்ற நம் மக்கள், அரசு மருத்துவமனையின் வரிசையில் நின்று பெற்ற அந்த மாத்திரை, 'எந்தச் சர்க்கரை' என்று கேட்டவர்களின் ஐம்பதாண்டு உழைப்பின் விளைவு.

இரண்டாவது, உண்மை. பம்பாயின் 61.6 என்னும் கணக்கை மீண்டும் நினையுங்கள். பரேல் குடியிருப்பில் வாழ்ந்த மகார் சமூகத்துக் கூலியாளின் தொண்டையிலும், மலபார் குன்றில் வாழ்ந்த சீமானின் தொண்டையிலும் இருந்தது ஆறாம் இணைப்புச் சயாலிக் அமிலமே. நச்சுயிரி இருவரையும் ஒன்றாகவே பற்றியது. அதன் கைக்குச் சாதி தெரியாது. எனில், ஒருவர் இறந்த விகிதத்தில் ஏழுபேர் சாவானேன்? காற்றில்லாத அறையில் பலர் அடைந்து கிடந்ததால். போர்க்கால விலையேற்றத்திலும் மழை பொய்த்த பஞ்சத்திலும் உடல் நலிந்திருந்ததால். வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டபோது கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லாததால். உடலில் வேற்றுமை இல்லை என்று விஞ்ஞானம் மெய்ப்பித்தபின், வேற்றுமை முழுவதும் சமுதாயத்தின் செயலே என்பது ஐயமற விளங்குகிறது. இதைவிடக் கூரிய சான்று சமத்துவம் பேசுவோர்க்கு வேறெங்கே கிடைக்கும்?

மூன்றாவது, கேட்கும் உரிமை. எதை ஆராய வேண்டும், எந்தக் கணக்கை எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் ஆராய்ச்சியாளர்கள். பம்பாயில் சமூக வாரியாகக் கணக்கெடுத்ததால்தான் 61.6 நமக்குத் தெரிந்தது. கணக்கெடுக்காத ஊர்களில் மாண்ட நம் முன்னோர் எண்ணிக்கையிலும் இடம் பெறாமற் போயினர். ஆராய்ச்சி மேசையருகே நம் பிள்ளைகளும் அமர்ந்திருந்தால், கேட்கப்படாத கேள்விகள் கேட்கப்படும்.

பரம்பரைச் சொத்து

இறுதியாக ஒன்று கூற வேண்டும். இராமச்சந்திரனின் தந்தையார் எர்ணாகுளத்தில் கணிதப் பேராசிரியராகவும் கல்லூரி முதல்வராகவும் இருந்தவர். மகன் கணிதத்தை வீட்டிலேயே பருகி வளர்ந்தார். ராம் சசிசேகரனின் தந்தையாரும் விஞ்ஞானி என்பதை மேலே கண்டோம். அவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. அவர்களின் உழைப்பை வணங்குகிறோம். ஆயினும் அறிவும் ஒருவகைச் சொத்து; அதுவும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது என்பதை மறத்தல் கூடாது. நம் வீடுகளில் அந்தச் சொத்து இல்லை. காளவாசல் என்னும் சொல்லுக்கே செங்கற்சூளை என்பது பொருள். மண் மிதித்தவர்களும், கல் அறுத்தவர்களும், சூளைக்கு விறகு சுமந்தவர்களுமாகிய மக்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றது உழைப்பையும் மானத்தையும் மட்டுமே.

அண்ணலுக்கும் அத்தகைய சொத்து பெரிதாக இருந்ததில்லை. பேராசிரியராகிக் கல்லூரிக்குள் சென்ற பின்னும், ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதை உடன் ஆசிரியர்கள் சிலர் எதிர்த்தனர். அவர் அந்த வேலையோடு அமைதி கொண்டிருக்கலாம், குடும்பம் நிமிர்ந்திருக்கும். அவரோ சேமித்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னரும் நண்பரும் செய்த உதவியோடும், 1920இல் மீண்டும் லண்டன் சென்று, 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்த மூன்றாண்டுப் படிப்பு அவர் வீட்டுக்கு மட்டுமா பயன்பட்டது?

வீட்டில் இல்லாத சொத்தைச் சேர்த்து வைப்பதற்கே சங்கம். தந்தை செய்ய இயலாததைச் செய்யும் தந்தையாகச் சங்கம் நிற்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர்க்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை 2005-06 முதல் வழங்கப்படுகிறது. அதற்குரிய தேர்வும் விண்ணப்பமும் எப்போது என்று நம் பட்டதாரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்து வெற்றி பெற்றாலும், முதல் தவணை கைக்கு வரும்வரை விடுதிக்கும் உணவுக்கும் வழி என்ன? பல ஆண்டுகளாக நாம் கண்ட உண்மை இது: நம் பிள்ளைகள் ஆராய்ச்சியை விட்டு வெளியேறுவது அறிவுக் குறைவால் அன்று, இடைப்பட்ட சில மாதங்களின் பசியால். எனவே நம் சங்கம் இவ்வெள்ளி விழா நினைவாக ஆராய்ச்சி மாணவர் நிதி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று இக்கட்டுரை வாயிலாக முன்மொழிகிறோம். உதவித்தொகை வரும்வரை கடனாகக் கொடுத்து, வந்தபின் திரும்பப் பெற்று, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். வேலைக்குச் செல்வோர்க்குச் செய்யும் உதவியைக் குறைக்க வேண்டியதில்லை. அதனோடு இதனையும் சேர்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் காளவாசலைக் கடந்து தேனிச் சாலையில் மேற்கே செல்லும் பேருந்துகள், 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலில், இன்று காமராசர் பெயர் தாங்கி நிற்கும் அந்த வாயிலில், நிற்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவை நம் தெருமுனையிலும் நிற்கின்றன. ஏறுவதற்கு நம் பிள்ளைகளுக்குத் தடையில்லை. அவர்கள் நடுவழியில் இறங்கிவிடாமல் சென்று சேர வழி செய்வதே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நம் சங்கத்தின் பணியாகட்டும். பொன்விழா மலரில் இதே பொருளைப் பற்றி எழுதுபவர், கண்டறிந்தவர்களின் வரிசையில் நம் பிள்ளை ஒருவரின் பெயரையும் எழுதும் நாள் வருக.